நாலாம் நம்பரை அமுக்கினது யாரு?

அத்தியாயம் 17

லோகப்பிரியா அன்னூருக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. "அவங்கம்மாவுக்கு முழங்கால் வலிங்க, பார்த்துக்கப் போயிருக்கறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று வாரமாக ஒற்றுமையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏன் போனாள் என்பதுதான் அவள் புருஷன் மனோஜ்குமாருக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மா சாமியாத்தாள் ஒரு காரணம் சொன்னாள்: கோபியில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் புதுச் சேலை எடுத்துத் தரவில்லையாம். அப்பா அப்புசாமி ஒரு காரணம் சொன்னார்: எல்லாம் இந்த செல்போன் செய்கிற வேலையாம். மனோஜ் தன் பங்குக்கு ஒன்று வைத்திருந்தான், போன மாதம் அவள் பிறந்தநாளை மறந்துபோனது. மூன்றையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் பொருந்தவில்லை.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கட்டினவளிடம் நேராகக் கேட்கிற தைரியம் ஆண்பிள்ளைகளுக்கு இருந்துவிட்டால், அப்புறம் வாராவாரம் நான் எதை எழுதுவது?

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மனோஜ் பட்டறையில் இருந்தான். தண்ணீர் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை, அப்பா ஆரம்பித்தது. கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது போன் அடித்தது.

"மனோஜ் சாருங்களா? மீட்டர் கம்பெனியிலிருந்து ஸ்ரீனிவாஸ் பேசறேனுங்க."

இந்த மீட்டர் கரண்ட் மீட்டர் இல்லை. நாட்டில் எந்த சேனலை யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அங்கங்கே சில வீடுகளைப் பொறுக்கி டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு ரிமோட். வீட்டில் ஆளுக்கொரு நம்பர். டிவி முன்னால் உட்கார்ந்தால் தன் நம்பரை அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். இந்த வீட்டில் ஒன்று அப்புசாமி, இரண்டு சாமியாத்தாள், மூன்று மனோஜ், நான்கு லோகப்பிரியா. வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பதினாலு மாதத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

அந்தப் பெட்டி வந்ததிலிருந்து அப்புசாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. "நாட்டுல இத்தனை கோடி ஊடு இருக்க, நம்ம ஊட்டைக் கேட்டு வந்திருக்கறான்னா சும்மாவா?" என்பார். இந்தியில் அவருக்கு 'அச்சா'வைத் தவிர ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் தினம் இரண்டு வேளை தூர்தர்ஷனில் தில்லி நிகழ்ச்சியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். சென்னை சேனல்களைப் பார்க்க ஆள் இருக்கிறது, இதை நாமும் பார்க்காவிட்டால் பாவம் மூடிப்போடுவார்கள் என்பது அவர் கவலை.

ஸ்ரீனிவாஸ் போனில் தயங்கினான். "சார், நாலாம் நம்பர் மேடம் நல்லா இருக்காங்களா?"

மனோஜுக்குத் திக்கென்றது. "நல்லா இருக்கறாங்க. ஏனுங்க?"

"இல்லீங்க, பாம்பே ஆபீஸ்ல அவங்க நம்பர் மேல சந்தேகப்படறாங்க. இருபத்தேழு வயசு லேடி. முன்னெல்லாம் சாயங்காலம் நியூஸ்தான் பார்ப்பாங்க. அதும் ஒரே செய்தியை அஞ்சு சேனல்ல மாத்தி மாத்திப் பார்ப்பாங்க. இப்ப மூணு வாரமா காலையில ஆறரைக்கு இந்தி விவசாய நிகழ்ச்சி. மத்தியானம் ஒண்ணரைக்கு மறுபடியும் இந்தி. போன புதன்கிழமை கோதுமைக்கு உரம் வைக்கறதை ஒரு நிமிஷம் எந்திரிக்காம பார்த்திருக்காங்க."

"கோதுமையா?"

"கோதுமைதானுங்க."

மனோஜ் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினான். மூன்று வாரமாக வீட்டில் இல்லாதவள் மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்து கோதுமை பார்க்கிறாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால்கூட மரம் செடியையாவது தடவிப் பார்க்கலாம். இதை எந்தப் பக்கம் தடவுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"நான் இன்னிக்கு நாலு மணிக்கு வாரேனுங்க சார். நாலு பேரும் நேர்ல இருக்கோணும், ஆதார் கார்டும் பார்க்கோணும். மேடம் இல்லாட்டி வேற மாதிரி எழுதிப்போடுவாங்க. வேற ஆளு நம்பரை அமுக்கறது பெரிய தப்புங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ரீனிவாஸ் வைத்துவிட்டான்.

பட்டறையில் மேற்கொண்டு வேலை ஓடவில்லை. மனோஜுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. வீட்டுச் சாவியில் ஒன்று லோகு கையில்தான் இருக்கிறது. ஒருவேளை யாருக்கும் தெரியாமல் வந்துவிட்டுப் போகிறாளா? கோபம் ஒருபக்கம் இருந்தாலும் வீட்டை விட்டிருக்க முடியவில்லையோ? அன்னூரிலிருந்து காலை ஆறரைக்கு எப்படி வருவாள், வந்தவள் புருஷன் முகத்தைப் பார்க்காமல் கோதுமையைப் பார்ப்பாளா என்றெல்லாம் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஆசை வந்துவிட்டால் புத்தி பின்னால்தான் வரும். அவனுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு வந்தான். சாமியாத்தாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, லோகு இங்க வந்துட்டுப் போறாளா?"

அம்மா கையை உதறிவிட்டு மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்ல வந்தியா கண்ணு? மோர் குடி."

"இல்லம்மா, மீட்டர்ல நாலாம் நம்பர் அமுங்கியிருக்குதாம்."

"அந்தப் பொட்டியப் பத்தி என்றகிட்டப் பேசாதே. அது வந்த நாள்ல இருந்து இந்த ஊடு செரியில்லை" என்று மறுபடி புளியில் கையை விட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மனோஜ் படுக்கையறையில் போய், கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டான். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நிற்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு மணிக்கு அப்பா சாப்பிட வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். ஒன்றரைக்கு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

மீட்டர் ரிமோட்டை எடுத்தார். ஒன்றை அமுக்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நாலை அமுக்கினார். அமுக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் நிஜமாகவே ஒரு ஆள் உட்காரப்போவதைப் போல அதிலிருந்த பேப்பரை எடுத்துக் கீழே வைத்தார்.

மனோஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். "ஏனுங்கப்பா, நாலை எதுக்கு அமுக்கறீங்க?"

அப்புசாமி லேசில் பதறுகிற ஆள் இல்லை. இப்போது ரிமோட் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "நீ பட்டறையில இல்லையா?"

"நாலை எதுக்குங்கப்பா அமுக்கறீங்க?"

"அமுக்காம?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பாம்பாய்க்காரன் அங்க உக்காந்து பார்த்துட்டே இருக்கறான். மூணு வாரமா நாலு அமுங்கலைன்னா என்ன நெனப்பான்? அப்புசாமி ஊட்டு மருமவ பொறந்த ஊட்டுக்குப் போயிட்டாள்னு நெனக்கமாட்டானா?"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறான். அவனுக்கு நம்மள ஆருன்னே தெரியாதுங்கப்பா."

"தெரியாதவனுக்குத் தெரியறதுதாண்டா கேவலம். தெரிஞ்சவங்கிட்டன்னா முழங்கால் வலின்னு சொல்லிப்போடலாம். மெசினுகிட்ட என்னத்தைச் சொல்றது?"

மனோஜுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனுஷன், ஒரு பெட்டிக்கு முன்னால் தன் மானத்தைக் காப்பாற்ற மூன்று வாரமாக மருமகள் பேரில் இந்தி பார்த்திருக்கிறார்.

"அவ பேருல கோதுமையப் பார்க்கலாமுங்களா? சந்தேகம் வந்திருச்சு. நாலு மணிக்கு ஆள் வாரான், லோகு நேர்ல இருக்கோணுமாம்."

அப்புசாமியின் முகம் சுண்டிவிட்டது. டிவியைப் பார்த்தார். அதில் யாரோ டிராக்டரைப் பற்றி இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நீ போய்க் கூட்டியா."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுங்கப்பா?"

"அதைய நீதான் ரோசனை பண்ணோணும். கட்டினவன் நீ."

சமையலறையிலிருந்து சாமியாத்தாள் குரல் மட்டும் வந்தது. "பட்டன் அமுக்கக் கூப்புடறேன்னு சொல்லிப்போடாதே சாமி. வார மருமவளும் வரமாட்டா."

இடிகரை வழியாகக் கோவில்பாளையம் போய், அங்கிருந்து அன்னூர் ரோட்டைப் பிடித்தான். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். 'உன்னை விட்டு இருக்க முடியலை' என்று ஆரம்பிக்கலாம். உண்மைதான், ஆனால் மூன்று வாரமாக வராதவன் மீட்டர்க்காரன் வருகிற அன்றைக்குத்தான் வந்து அதைச் சொல்லுகிறான் என்றால் எந்தப் பெண் நம்புவாள்? அதை விட்டான். 'அப்பா ஒரு காரியம் பண்ணிப்போட்டார்' என்று ஆரம்பிக்கலாம். அதுவும் சரிப்படவில்லை.

அன்னூரில் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வேகமாக நடந்து வந்தாள். "வாங்க மாப்பளே, வாங்க."

"முழங்கால் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டான். மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

"எந்த முழங்காலுங்க?" என்று அந்தம்மா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

லோகப்பிரியா உள்ளேயிருந்து வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், இல்லை அவனுக்கு அப்படித் தோன்றியது. மாமியார் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். மனோஜ் ஒத்திகை பார்த்ததை எல்லாம் மறந்து, இருந்ததை இருந்தபடி கொட்டிவிட்டான். நாலாம் நம்பர், பாம்பே ஆபீஸ், அப்பா, கோதுமை, நாலு மணி.

கோதுமை என்றதும் அவள் சிரித்துவிட்டாள். மூன்று வாரமாக அவன் கேட்காத சிரிப்பு. பாதியில் அது நின்றுபோனது.

"உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களா, நான் எதுக்கு வந்தேன்னு?"

"கோபிக் கல்யாணத்துச் சேலைக்கா?"

"எந்தச் சேலை?"

"அப்ப, உன்ற பொறந்தநாளை மறந்தேனே, அதுக்கா?"

லோகப்பிரியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதே அவனுக்குப் பயமாக இருந்தது.

"பொட்டி வைக்கறதுக்கு முன்னால சர்வேக்கு ஒரு ஆளு வந்தாருங்க. உங்க ஊட்டுல ஆராச்சும் டிவியில, பத்திரிகையில வேலை செய்யறீங்களான்னு கேட்டாரு. இருந்தா அந்த ஊட்டுல பொட்டி வைக்கமாட்டாங்களாம். மாமா என்ன சொன்னாரு?"

"ஆரும் இல்லைன்னாரு."

"உங்களையும் கேட்டாருங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

அவனுக்கு இப்போது மெல்ல நினைவு வந்தது. "ஆமாங்க, ஆரும் இல்லீங்க" என்றுதான் சொன்னான். சொல்லும்போது லோகு காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றாள். தட்டிலிருந்து முதல் டம்ளரை எடுத்துக்கொண்டதே அவன்தான்.

"அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு, லோக்கல் கேபிள்ல துடியலூர்ல இருந்து காரமடை வரைக்கும் செய்தி வாசிச்சது ஆருங்க? கலியாணத்துக்கு முன்னால மூணு வருசம், அப்புறமும் ஆறு மாசம். காரமடையில ஆனை தோட்டத்துல பூந்துச்சுன்னா, குடிதண்ணி எந்த வார்டுக்கு எப்ப வரும்னா, சனங்க என்ற மொகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க."

"லோகு, லோக்கல் கேபிளை நான் டிவி வேலைன்னே நெனக்கலை." சத்தியமாக அதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று எந்தப் புத்திசாலி சொன்னானோ தெரியவில்லை.

"நீங்க நெனக்கலீங்க. நானும் அதைத்தான் சொல்றேன்."

அவள் குரல் உயரவே இல்லை. "பொட்டி வந்த மறுநா அத்தை சொன்னாங்க, ஒரு மணி நேர வேலைதானே, விட்டுப்போடு கண்ணுன்னு. விட்டுப்போட்டேன். ஒரு வருசமா நாலை அமுக்கிட்டு உக்காந்து மத்தவங்க வாசிக்கறதைப் பார்த்தேன். இந்தச் செய்திய இவ இப்படி வாசிக்கறா, நானா இருந்தா எப்படி வாசிப்பேன்னு ரோசனை பண்ணிட்டே பார்த்தேன். போன மாசம் சென்னை சேனல்ல இருந்து கோயமுத்தூருக்கு நிருபர் வேலை இருக்குதுன்னு கூப்பிட்டாங்க. உங்ககிட்டச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த வாரம் திருப்பூர்க்காரருக்கு இருநூறு ஷாஃப்ட் அனுப்ப வேண்டியிருந்தது, மறந்துவிட்டான். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது அவள் சண்டை போட்டிருப்பாள். மறந்துபோனவனோடு எப்படிச் சண்டை போடுவது? மூன்று வாரமாக மண்டையைக் குடைந்த விஷயம் இதுதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நெஞ்சு லேசாகவில்லை. இன்னும் கனத்தது.

மன்னிப்புக் கேட்கலாமென்று அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்தாள். "நாலு மணிக்குத்தானுங்க? வாரேன், போலாம்."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு சொன்னவள் ஏன் இவ்வளவு சுலபமாகக் கிளம்புகிறாள்? திரும்பி வருகிறாளா, வந்துவிட்டுத் திரும்புகிறாளா? தோளில் ஒரு கைப்பை மட்டும் மாட்டிக்கொண்டாள். போகும்போது எடுத்துப்போன பெரிய பெட்டி உள்ளறையில் அப்படியே இருந்தது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் கேட்கத் தைரியமில்லை. கோவில்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, "டீ சாப்பிடலாமா?" என்றான். "நேரமாச்சுங்க" என்றாள். வழி முழுக்க அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஸ்ரீனிவாஸ் சோபாவில் உட்கார்ந்திருந்தான். போத்தனூர்ப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மடியில் டேப்லெட். எதிரே அப்புசாமி வெள்ளை வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் சாமியாத்தாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியாள் இருக்கிறானே, விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

"உக்காரு அம்மிணி" என்றார் அப்புசாமி.

ஸ்ரீனிவாஸ் நாலு கார்டுகளையும் பார்த்தான், நாலு முகங்களையும் பார்த்தான். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மூணு வாரமா காலையில, மத்தியானம் அந்த விவசாய நிகழ்ச்சியெல்லாம் நீங்கதான் பார்த்தீங்களா?"

அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாம்பாய்வரைக்கும் அவர் மானம் போய்விடும்.

"ஆமாங்க, நான்தான் பார்த்தேன்" என்றாள் லோகப்பிரியா.

"இந்தி தெரியுங்களா?"

"கத்துக்கறேனுங்க."

"அந்தக் கோதுமை ...?"

"நம்ம பக்கம் கோதுமை வெளையறதில்லீங்களே. எப்படித்தான் வெளைய வைக்கறாங்கன்னு பார்த்தேன்."

ஸ்ரீனிவாஸ் திருப்தியாக ஏதோ தட்டினான். அப்புசாமி மெல்ல நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை மனோஜ் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அப்பா கண் கலங்கி அவன் பார்த்ததில்லை. இவள் எதற்காக அப்பாவைக் காப்பாற்றினாள் என்று அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் அவள் மேல் பொங்கிக்கொண்டு வந்தது அன்புதான், அதில் குழப்பமில்லை.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு, வருசத்துக்கு ஒருக்கா கேக்கறதுதானுங்க" என்றான் ஸ்ரீனிவாஸ். "உங்க ஊட்டுல ஆராச்சும் டிவி, ரேடியோ, பத்திரிகை, விளம்பரக் கம்பெனியில வேலை செய்யறாங்களா?"

அப்புசாமி இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். சாமியாத்தாள் மகனைப் பார்த்தாள். லோகப்பிரியா யாரையும் பார்க்கவில்லை, தன் கைப்பையைப் பார்த்தாள்.

"இல்லைன்னு போட்டுக்கட்டுங்களா சார்?" என்று ஸ்ரீனிவாஸின் விரல் கீழே இறங்கியது.

"இருக்கறாங்க" என்றான் மனோஜ்.

"சார்?"

"என்ற சம்சாரம். டிவியில வேலை. போன வருசமே சொல்லியிருக்கோணும், நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

லோகப்பிரியா அன்னூரிலிருந்து கிளம்பியதற்குப் பிறகு இப்போதுதான் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அவனுக்கு வியர்த்துவிட்டது. அப்பா என்ன சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தான். அப்புசாமி நீளமாக மூச்சு விட்டார்.

"அவன் சொல்றது நெசந்தானுங்க தம்பி. பொட்டிய எடுத்துக்குங்க" என்றார்.

ஸ்ரீனிவாஸ் பாவம், ஒரு கேள்வி கேட்கப்போய் ஒரு வீட்டையே இழந்துவிட்டான். "அப்ப மீட்டரைக் கழட்டிருவோமுங்க. காரணம் எழுதோணும். மேடம், எந்த சேனலுங்க, எந்த ஊருல வேலை?"

"கோயமுத்தூருதான்" என்று மனோஜ் முந்திக்கொண்டு சொன்னான். சொல்லும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டாயிற்று. காலையில் வண்டியில் கொண்டுபோய் விடலாம், சாயங்காலம் கூட்டி வரலாம்.

"சென்னைங்க" என்றாள் லோகப்பிரியா.

சாமியாத்தாள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"கோயமுத்தூர் வேலைக்குப் பத்து நாள் டயம் குடுத்தாங்க. பதில் வரலைன்னு வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க." அவள் ஸ்ரீனிவாஸைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் சொன்னது யாருக்கு என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். "சென்னையில செய்தி வாசிக்க வாரீங்களான்னு வியாழக்கிழமை கேட்டாங்க. சரின்னுட்டேன். திங்கக்கிழமை சேரோணும். சர்டிபிகேட்டெல்லாம் இங்க பீரோவுல இருக்குது, அதைய எடுத்துட்டுப் போலாம்னுதான் இன்னிக்கு வந்தேன்."

மனோஜ் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். பத்து நாள். இருநூறு ஷாஃப்ட். இப்போது சரியான பதிலைச் சொல்லியாயிற்று, ஆனால் கேள்வி எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டிருந்தது. சந்தோஷப்படுவதா, அழுவதா, அவளை நிறுத்துவதா, அதற்குத் தனக்கு என்ன உரிமை, ஒன்றும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அப்புசாமிதான் வாய் திறந்தார். "சென்னையில எங்க கண்ணு தங்குவே?" அதட்டலும் இல்லை, தடையும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு சாமியாத்தாள் புருஷனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இன்னும் பார்க்கலீங்க மாமா."

ஸ்ரீனிவாஸுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? அவனுக்குப் படிவம் முடிய வேண்டும். "மேடம், மூடறதுக்கு முன்னால ஆளுக் கணக்கு ஒண்ணு எழுதோணுங்க. நீங்க இந்த ஊட்டுலதான் குடியிருக்கறீங்க, ஆமான்னு போடட்டுங்களா, இல்லைன்னு போடட்டுங்களா?"

டிவி அணைந்திருந்தது. ரோட்டில் மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மனோஜ் அவளைப் பார்த்தான். 'ஆமான்னு சொல்லு' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. இந்த ஒரு பதிலையாவது அவளே சொல்லட்டும் என்று நினைத்தான்.

லோகப்பிரியா மாமனாரைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், கடைசியாக அவனைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தேதிக்கு ஆமான்னு போட்டுக்குங்க" என்றாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை, சேர வேண்டியது திங்கட்கிழமை. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.